நீலத் தகட்டில் இருந்த பெயர்

கண்ணு,

இந்தக் கடிதத்தை எழுதுவது உன் அப்பன். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது இல்லை. முழுக்க என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும். அம்மாவின் எழுத்து ரேஷன் கடை வரிசை மாதிரி ஒழுங்காக நிற்கும். என் எழுத்து பஸ் வந்ததும் அந்த வரிசை கலைந்த மாதிரி இருக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போகிறது. இன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலையில் இதைத் தபாலில் சேர்த்துவிட்டால் சனிக்கிழமை பெங்களூரில் உன் கைக்கு வந்துவிடும் என்று போஸ்ட்மேன் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை நீ உன் வாத்தியார் மூர்த்தி சாருக்குப் போன் செய்வாய். அதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும். உன் கம்ப்யூட்டர் பெட்டியின் பெயர் தெரிந்துவிட்டது சாமி. நேற்றுத்தான் தெரிந்தது. அதை உனக்கு முதலில் சொல்கிறவன் நானாக இருக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. நான் எழுதிய வரிசையிலேயே படி. நீ கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வைத்து அம்மா சொல்லிக்கொடுத்த தமிழ்தான் உனக்கு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். நான் மெதுவாக எழுதுகிறேன், நீ மெதுவாகப் படிக்கிறாய். இந்த ஒரு காரியத்தில் நமக்கு ஒரே வேகம். மூர்த்தி சாரோடு நீ பேசும் வேகத்தை என்னால் ஒருநாளும் எட்டிப் பிடிக்க முடிந்ததில்லை.

பொறாமை என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்க இன்று காலையில், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வசந்தா டீச்சர் வீட்டு வாசலுக்கே போனேன். டீச்சர் தலையை வாரிக்கொண்டே வெளியே வந்தார். "எதுக்குங்கய்யா அந்த வார்த்தை?" என்றார். "மகனுக்குக் கடுதாசி எழுதோணும் டீச்சர்" என்றேன். "மகனுக்கா? அன்பு, பாசமெல்லாம் இருக்க இதையா கேக்கறீங்க?" என்று சிரித்தார். அன்பும் பாசமும் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. எனக்கு வேண்டிய சொல்தான் அதில் இல்லை. எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இனி தைரியமாக எழுதலாம். எனக்கு மூர்த்தி சார் மேல் பொறாமை. அவர் நம் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்று வரைக்கும் பொறாமை. அவர் நல்ல மனிதர் என்பதால் அது குறையவில்லை, கூடத்தான் செய்தது. கெட்டவனாக இருந்திருந்தால் உன்னை அவரிடம் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் அல்லவா?

நம் வீட்டில் போன் இல்லாததால் நீ பூத்திலிருந்து அவர் வீட்டுக்குத்தான் பேசுகிறாய். நானும் அம்மாவும் குளித்து, துணி மாற்றி, சரஸ்வதிபுரம் வரைக்கும் நடந்து போய், அவர் வீட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். மணி அடித்தால் எடுப்பது அவர்தான், அவருடைய போன் அல்லவா. "ஹேளப்பா செல்வராஜ்", சொல்லப்பா என்று கன்னடத்தில் ஆரம்பிப்பார். அப்புறம் சிப், போர்டு, வோல்டேஜ் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசுவதில் பாதி நேரம் போய்விடும். பிறகு ரிசீவர் அம்மாவிடம் வரும். அவள் அழுது, மூக்கைத் துடைத்து, என்ன சமைத்தாய் என்று கேட்டு முடித்து என் கையில் கொடுக்கும்போது நீ, "அப்பா, ஊட்டா ஆச்சா, சாப்ட்டீங்களா? ஒடம்பு பரவால்லியா? வெச்சிரட்டா, மீட்டர் ஓடுது" என்பாய். "வெச்சிரு சாமி" என்பேன். அவ்வளவுதான் என் பங்கு. திரும்பி வரும் வழியில் அம்மா, "ஏனுங்க, உங்ககிட்ட என்ன பேசுனான்?" என்பாள். "எல்லாந்தான் பேசுனான்" என்பேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடப்பாள்.

மண்டி மொஹல்லாவில் நான் வேலை பார்க்கும் பாயின் குஜரிக் கடையில் அந்தப் பெட்டி வந்து இறங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். பழைய இரும்புக் கடையில் சரக்கு இறங்கியதும் முதல் வேலை பெயர்த் தகட்டைப் பெயர்ப்பது. தகடு அலுமினியம், அதற்குத் தனிச் சாக்கு. அது மட்டும் இல்லை. பெயரோடு கிடக்கும் சரக்கைப் பார்த்து நாளைக்கு எவனாவது வந்து, இது எங்கள் கம்பெனியுடையது என்று வம்பு இழுக்கலாம். பெயர் போய்விட்டால் அது வெறும் எடை. இன்னொரு சட்டமும் உண்டு. சரக்கு எந்த இடத்திலிருந்து வந்தது என்று வெளியாளிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த ஏலத்துக்கு வேறு கடைக்காரன் நமக்கு முன்னால் அங்கே போய் நிற்பான். இந்த இரண்டும் என் கையிலும் வாயிலும் ஊறியவை. உன் பெட்டியின் நெற்றியில் இருந்த தகட்டை உளி வைத்துத் தட்டிச் சாக்கில் போட்டது நான்தான். அது உனக்குத் தெரிந்த விஷயம். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன்.

நீ அன்று வீட்டுச் சாவி வாங்கத்தான் வந்தாய். பாலிடெக்னிக் பையை முதுகில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் கடைக்குள் வராமல் சாலையிலேயே நின்று கையை நீட்டினாய். எண்ணெய்க் கறை சட்டையில் படும் என்று பயம். நான் சாவியை எடுக்க எழுந்தபோது எனக்குப் பின்னால் இருந்த பெட்டி உன் கண்ணில் பட்டது. பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாய். அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு அதன் முதுகுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாய். "ஒடைக்காதீங்கப்பா, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாய். பாய் கல்லாவில் இருந்து, "ஏன் செல்வா, உள்ள தங்கம் இருக்கா?" என்று கேட்டார். "தங்கமும் இருக்கு பாய், அது ஊசி முனை அளவு. ஆனா இது சாதாரண கம்ப்யூட்டர் இல்ல, ஒர்க்ஸ்டேஷன். பெரிய பெரிய மெஷின் எல்லாம் இதுல வரைஞ்சுதான் செய்வாங்க. இந்த மாதிரி ஒண்ண நான் படத்துல கூடப் பாத்ததில்ல" என்றாய். இத்தனை வருஷத்தில் நீ என் கடைக்குள் ஓடி வந்தது அந்த ஒரு தடவைதான். என்னைப் பார்க்க வரவில்லை, அதைப் பார்க்க வந்தாய். சரி, இருக்கட்டும்.

அப்புறம் கேட்டாயே, அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. "தகட்டுல என்னப்பா எழுதியிருந்துச்சு?" நான் சொன்னேன், "நீலத் தகடு சாமி. நடுவுல செவப்பா ஒரு கோடு." "அது இல்லப்பா. பேரு. பேரு என்ன?" எழுத்துத் தெரியாதவனுக்கு நிறம்தானே கண்ணில் நிற்கும்? சாக்கு அதற்குள் டெம்போவில் ஏறிப் போய்விட்டது. இந்நேரம் அது உருகி எந்த வீட்டில் கரண்டியாக இருக்கிறதோ. நீ என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா" என்றாய். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாய் எடைக்கு எடை இரும்பு விலையில் பெட்டியை உனக்குக் கொடுத்தார். நானும் நீயும் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் நீ அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி சார் ஸ்கூட்டரில் வந்தார். ஏதோ பெரிய தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், உங்கள் பாலிடெக்னிக்கில் வாரம் ஒருநாள் பாடம் எடுப்பவர் என்று சொன்னாய். நம் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டாய். சீர் வரிசையில் வந்த, எனக்குக்கூட எடுக்காத வெள்ளி டம்ளரில் அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். பிறகு நீங்கள் இருவரும் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒரே டார்ச் வெளிச்சத்தில் தலையோடு தலை ஒட்டி உள்ளே பார்த்தீர்கள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தலை என் தலைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். நீ மொட்டை போட்டுக்கொண்டு என் தோளில் உட்கார்ந்து வந்த காலம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த முறை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். "இது என்ன என்று தேடாதே. இது என்னவெல்லாம் இல்லை என்று முதலில் முடிவு செய்" என்பார். பெரிய கம்பெனிகளின் படங்களை எல்லாம் பக்கத்தில் வைத்து, பின்பக்கத்து ஓட்டைகளின் வடிவத்தைப் பார்த்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று தள்ளினீர்கள். கறுப்புச் சில்லுகளின் முதுகில் இருக்கும் எண்ணில் அது பிறந்த வருஷமும் வாரமும் இருக்கும் என்று அவர் காட்டினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் பிறந்த வருஷமே எனக்குச் சரியாகத் தெரியாது, வாரத்துக்கு எங்கே போவது! கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சில்லைக் கழற்றி எடுத்துப்போய் ஏதோ கருவியில் வைத்துப் படித்தார். அதற்குள் யாரோ நான்கு பேருடைய பெயர்கள் மட்டும் இருந்தன. செய்தவர்கள் தங்கள் பெயரை யாருக்கும் தெரியாமல் உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள், பெட்டியின் பெயரைத்தான் எழுதவில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளின் விளம்பரங்களைத் தேடினாய். நண்பனின் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாம் கேள்வி அனுப்பினாய். ஒருவருக்கும் தெரியவில்லை. "நீலத் தகடு, செவப்புக் கோடு" என்று நான் ஒருமுறை நடுவில் சொன்னேன். மூர்த்தி சார் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, "வண்ணத்தை வைத்து எந்தப் புத்தகத்திலும் தேட முடியாதே யஜமான்ரே" என்றார். கன்னடத்தில்தான் சொன்னார், எனக்குத் தமிழிலும் குத்தியது.

அதனால்தான் ஒரு தகட்டைத் தேடிக்கொண்டு வந்தேன். உருக்குகிறவனின் பட்டறைக்குப் போய், உருக்காமல் கிடந்த குவியலைக் கிளறி, நீலமாக ஒன்று கிடைத்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். சிவப்புக் கோடு தேய்ந்து போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியின் நெற்றியில் வைத்துப் பார்த்தால் திருகாணி ஓட்டை நான்கும் அச்சாகப் பொருந்தின. நீ குதித்துவிட்டாய். மூர்த்தி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். நீதான் மெதுவாகச் சொன்னாய், "அப்பா, இது தண்ணி எறைக்கிற மோட்டார் தகடு." அவரும் சிரிக்கவில்லை, நீயும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் சமையல் கட்டிலிருந்து, "கம்ப்யூட்டர்ல தண்ணி வந்தா எனக்கு ரெண்டு கொடம் புடிச்சு வெய்யுங்க" என்றாள். அவள் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மாதிரி சிரிக்காமல் இருந்தீர்களே, அதுதான் உறைத்தது. மறுநாள் மாலை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வசந்தா டீச்சர் நடத்தும் தமிழ் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

கன்னட வகுப்பு நம் தெருவிலேயே நடக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் நடந்து தமிழ் வகுப்புக்குப் போனேன் என்று நீ அப்போதே கேட்டாய். தாய்மொழி என்று அன்றைக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. கன்னடத்தில் எழுதினால் மூர்த்தி சார் வாங்கிப் பார்த்துத் திருத்திவிடுவார். அவர் படிக்க முடியாத ஒன்று எனக்கும் உனக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மீதிப் பாதி அதுதான். படிக்க வந்த பிறகு நான் எப்படி ஆகிவிட்டேன் என்று அம்மாவைக் கேள். தீப்பெட்டி, எண்ணெய்ப் பாக்கெட், பஞ்சாங்கம், வெல்லம் சுற்றி வந்த பழைய தமிழ்ப் பேப்பர், ஒன்றையும் விடுவதில்லை. "ஏனுங்க, வெல்லத்தக் குடுத்துட்டுப் படியுங்க" என்று பிடுங்குகிறாள். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கென்று வைத்திருந்ததா என்று இருக்கிறது. அதற்காக மூர்த்தி சாருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன்.

வேலை கிடைத்து நீ பெங்களூர் புறப்பட்ட அன்று எங்கள் இருவர் காலிலும் விழுந்து எழுந்தாய். பிறகு அம்மாவின் பழைய சேலையால் பெட்டியை மூடி, நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, ஒரு மூலை தூக்கியிருக்கிறது என்று திரும்பவும் இழுத்துவிட்டாய். காலில் விழுந்ததற்கா, பெட்டியை மூடியதற்கா, எதற்கு அதிக நேரம் ஆயிற்று என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் நீ போன பிறகு தினமும் காலையில் அந்தச் சேலையை எடுத்து உதறி, பெட்டியைத் துடைத்து வருகிறேன். இடது பக்கத்தில் பாதி கிழிந்த ஒரு சின்னப் பூ ஸ்டிக்கர் இருக்கிறது, உனக்குத் தெரியும். அதன் மேல் ஈரத் துணி படாமல் சுற்றித் துடைப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு மூர்த்தி சார் ரிசீவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு வழியும் தெரியவில்லை யஜமான்ரே. அது எங்கே வேலை செய்தது என்றாவது தெரிந்தால் பரவாயில்லை. உங்களுக்குத் தெரியுமா?" என்றார். நீ ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டாய், நான், "எங்கிருந்தோ வந்துச்சு" என்றேன், குஜரிக்காரன் அப்படித்தான் சொல்வான். அதற்கு மேல் நீயும் கேட்கவில்லை, அது இவ்வளவு முக்கியம் என்று எனக்கும் தெரியவில்லை. நேராகப் பாயிடம் போனேன். "பாய், அந்தக் கம்ப்யூட்டர் லாட் வந்த எடத்தச் சொல்லலாமா?" பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அந்த ஃபேக்டரியே மூடிட்டாங்க, இனி எவன் போய் ஏலம் எடுக்கப் போறான்? நீ இன்னுமா அத வயித்துக்குள்ள வெச்சிட்டிருக்கே? சொல்லு போ" என்றார். திரும்ப சரஸ்வதிபுரத்துக்கு நடந்தேன். நஞ்சன்கூட்டு ஃபேக்டரி என்று சொன்னேன். மூர்த்தி சார் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாமல் இருந்தது, கண்ணு. ரொம்ப நன்றாக இருந்தது.

நேற்று காலை ரயிலில் இரண்டு பேரும் போனோம். மூடிய தொழிற்சாலையின் பழைய வாட்ச்மேன் இன்னும் அங்கேதான் டீக்கடை வைத்திருக்கிறான். வரைபட ஆபீசில் இருந்த மேடம் ஒருவர் ஸ்டேஷன் பக்கத்திலேயே குடியிருக்கிறார் என்று வழி காட்டினான். ருக்மிணி மேடம். பூர்வீகம் மேல்கோட்டை. மூர்த்தி சார் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றும்போது, "அப்பாடா, கால் வலி" என்று தமிழில் முனகிவிட்டேன். அந்த அம்மாள் சட்டென்று என் பக்கம் திரும்பி, "நீங்க தமிழா? வாங்கோ, உள்ள வந்து உக்காருங்கோ" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியது எல்லாம் என்னிடம்தான். மூர்த்தி சார் ஒவ்வொரு பேச்சுக்கும் என் முழங்கையைத் தொட்டு, "ஏனு ஹேளித்ரு? ஏனு ஹேளித்ரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று மூர்த்தி சாருக்கு நான் சொன்னேன்!

"பெரிசா, பழுப்பா, அகலமா ஒரு பெட்டி. தகடு நீலம், நடுவுல செவப்புக் கோடு. அதானே?" என்று அந்த அம்மாள் கேட்டார். நான் மூர்த்தி சாரைத் திரும்பிப் பார்த்தேன். தமிழ் தெரியாவிட்டாலும் நீலமும் சிவப்பும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார். "இடது பக்கம் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனே, இருக்கா?" என்றார் அந்த அம்மாள். "பாதி இருக்குதும்மா. தண்ணி படாமத்தான் தொடைக்கிறேன்" என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மகள் பள்ளிக்கூடம் போகும்போது கொடுத்த ஸ்டிக்கராம். அந்த மகளுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டதாம். அப்புறம்தான் பெயரைச் சொன்னார். ஆல்டன்மூர். ஆல்டன்மூர் முந்நூறு. இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி கொஞ்சம்தான் செய்ததாம், செய்த வேகத்திலேயே மூடிவிட்டதாம். இரண்டு பேர் வந்து அதைப் பொருத்திவிட்டு, இவருக்கு வேலை பழக்கிவிட்டுப் போனார்களாம். அவர்கள் பெயரைச் சொன்னார். சில்லுக்குள் இருந்த நான்கு பெயரில் இரண்டு அவை. மூர்த்தி சார் தன் சட்டைப் பையில் இருந்த சீட்டைப் பார்த்துச் சரிபார்த்தார். இனிச் சந்தேகமே இல்லை என்றார்.

திரும்பும் ரயிலில் எனக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும், எடுப்பவர் அவர், முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவார் என்று. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அவரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நீங்களே அவனுக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறக்கமாட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான், தெரியுமல்லவா? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தால் அது உங்கள் மகன்தான்" என்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் எழுதமாட்டேன். விட்டுக்கொடுப்பதிலும் இந்த மனிதர் எனக்கு முன்னால் போய் நிற்கிறாரே என்று புதிதாக ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. பழையதுதான் கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தது.

நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதுவும் எவனோ ஒருவனைப் பார்த்து சார், சார் என்று பின்னால் போகும். வீட்டுக்கு வந்தால் அவனைப் பற்றியே பேசும். உனக்கு வயிறு எரியும். எரியட்டும், அதை அடக்கிக்கொண்டு நல்லவன் வேஷம் போடாதே. ஆனால் அந்த ஆளை வீட்டுக்கு வரச் சொல். வெள்ளி டம்ளரில் காப்பி கொடு. உன்னிடம் இல்லாத எதை உன் பிள்ளை அவனிடம் பார்க்கிறது என்று கதவோரம் நின்று பார். அதில் ஒன்றையாவது நீயும் கற்றுக்கொள்ளப் போ. எந்த வயதானாலும் போ. எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான்.

இந்தப் பத்தியை எழுதுவது புதன்கிழமை சாயங்காலம். இன்று ஒரு காரியம் செய்தேன். மூர்த்தி சார் ரயிலில் இன்னொன்றும் சொல்லியிருந்தார், தெரிந்த பட்டறையில் நீலத் தகடு வெட்டி, சிவப்புக் கோடு போட்டு, பெயர் பொறித்து வாங்கித் தருகிறேன் என்று. வேண்டாம் என்றேன். நேற்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளை அட்டையை அளவாக வெட்டி, நீலம் தீட்டி, நடுவில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு மேலே ஆல்டன்மூர், கோட்டுக்குக் கீழே முந்நூறு என்று தமிழில் எழுதி, இன்று காலை பெட்டியின் நெற்றியில், நான் பெயர்த்த அதே இடத்தில் ஒட்டினேன். கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. கரண்டிக்குப் போன பேரு திரும்பி வந்துருச்சு" என்றாள்.

மத்தியானம் மூர்த்தி சார் அந்த ஸ்டிக்கரைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தவர் அட்டையைக் கவனித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார், கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனு பரெதித்தீரா யஜமான்ரே?" என்று கேட்டார். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று என்னை, ஒரு மனிதர், அதுவும் அவர் கேட்டார். "ஓதி, கேளோண", படியுங்கள் கேட்போம் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் பெட்டிக்கு முன்னால் நின்று, விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து, "சென்னாகிதே", நன்றாக இருக்கிறது என்று என் தோளைத் தட்டினார். அவருக்கு அம்மா வழக்கம்போல் வெள்ளி டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள். வெள்ளி டம்ளர் இரண்டு இருந்திருக்கிறது வீட்டில், பார்த்துக்கொள்.

விரல் வலிக்கிறது, முடிக்கிறேன். ஒருவேளை தபால் தாமதமாகி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இது உன் கைக்கு வராமல் போனாலும் பயமில்லை. நீ வழக்கம்போல், "ஏதாவது தெரிஞ்சுதா சார்?" என்று கேட்பாய். அவர், "உன் அப்பாவைக் கேள்" என்று சொல்லி ரிசீவரை நேராக என் கையில் கொடுத்துவிடுவார். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். கடிதம் வந்திருந்தாலும் வராவிட்டாலும் இந்த வாரம் முதல் ஆள் நான்தான். பையில் சில்லறை நிறைய வைத்துக்கொண்டு பூத்துக்குப் போ. எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. மீட்டர் ஓடட்டும்.

உன் அப்பன்